பட்டறைத் தர்க்கம்

சேலத்திலிருந்து தெற்கே இராசிபுரம், நாமக்கல் என்று காவிரிக் கரையை நோக்கி இறங்கும் சாலையிலும், மேற்கே சங்ககிரி, திருச்செங்கோடு என்று பிரியும் சாலைகளிலும் பிரயாணம் செய்கிறவர் கண்ணுக்கு ஊருக்கு ஊர் தவறாமல் தென்படுவது, எண்ணெய்க் கறை ஊறிய தரையும், தகரக் கூரையும், வாசலில் அவிழ்த்துப் போட்ட எஞ்சினும் உடைய பட்டறைதான். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், கம்ப்ரஸரை ஓட்டுவதற்கென்றே ஒரு தனி எஞ்சினை முதுகில் சுமந்துகொண்டு, வட இந்தியா வரை போய் வருகின்றன. குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகளிலும், லட்சக்கணக்கில் முட்டையிடும் கோழிப் பண்ணைகளிலும், மின்சாரம் நின்ற மறுகணம் ஓடவேண்டிய ஜெனரேட்டர்கள் காத்திருக்கின்றன. 2005ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் ‘ஏஸ்’ என்ற பெயரில் வெளியிட்டதும், 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரண்டே சிலிண்டர்களையும் 16 குதிரைத் திறனையும் வைத்துக்கொண்டு சந்தைக்குச் சந்தை ஓடுவதுமான சிறு வண்டியை மக்கள் ‘குட்டி யானை’ என்று அழைக்கலாயினர். இவற்றுக்கெல்லாம் மூத்தது, தோட்டங்களில் கிணற்று மேட்டின்மீது நின்ற ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின். 1990இல் உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசமான பிறகு அதன் ராஜ்யம் சுருங்கிவிட்டது என்றாலும், மின்கம்பி எட்டாத நிலங்களிலும், மின்சாரம் போன வேளைக்குத் துணையாகவும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

யந்திரம் ஓடும்போது அதைப்பற்றி யாரும் சிந்திப்பதில்லை; நின்றபோதுதான் சிந்தனை தொடங்குகிறது. அந்தச் சிந்தனை எவ்வகையானது, எந்த நியாயத்தைப் பின்பற்றி ஒரு மெக்கானிக் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் நடந்ததை வெளியிலிருந்தே நிர்ணயிக்கிறார் என்பதை ஆராய்ந்து பார்ப்பது, பௌதிக சாஸ்திரத்தின் பல அத்தியாயங்களை ஒரே இடத்தில் காண்பதற்கு ஒப்பாகும். நம் தர்க்க நூலோர் அநுமானப் பிரமாணத்துக்குக் காட்டும் உதாரணம் பிரசித்தமானது. மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் உரைக்கும் பகுதியிலும் அது வருகிறது: மலையில் புகை தெரிகிறது, புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதை அடுக்களையில் கண்டிருக்கிறோம், ஆகவே மலையில் நெருப்பு உண்டு. பட்டறையில் இந்த அநுமானம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நெருப்பு உண்டா இல்லையா என்பது மட்டும் அங்கே கேள்வி அல்ல. எப்படிப்பட்ட நெருப்பு, அதற்குக் காற்று போதியதா, உஷ்ணம் போதியதா, எரியக்கூடாத பொருள் ஏதேனும் அதில் எரிகிறதா என்பனவற்றையெல்லாம் புகையின் நிறத்திலிருந்தே வருவித்தாக வேண்டும்.

எஞ்சின் ஓடவில்லை என்று தொலைபேசியில் சொல்லும் தோட்டக்காரரிடம் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது, “ஹேண்டில் போடறப்ப பொகை வருதுங்களா?” என்பதே. எளிய கேள்வியாகத் தோன்றினும் இது சந்தேகங்களின் கூட்டத்தை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. ஆகவே டாங்க், பில்டர், பம்ப், நாசில் என்ற வரிசையில் எங்கோ தடை இருக்கிறது. வெள்ளையாகப் புகை வந்தும் எஞ்சின் பற்றவில்லை என்றால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் அதைப் பற்றவைக்கும் உஷ்ணம் இல்லை. ஆகவே பம்பையும் நாசிலையும் அப்போதைக்கு விட்டுவிட்டு, காற்றின் அழுத்தம் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த உஷ்ணம் எங்கிருந்து வருகிறது என்பது டீசல் எஞ்சினின் மூல ரகசியம். பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி தர ஒரு ‘பிளக்’ இருக்கிறது. டீசல் எஞ்சினுக்கு அது கிடையாது. பாரிஸில் 1858இல் பிறந்த ஜெர்மானியரான ருடால்ப் டீசல், காற்றைப் போதிய அளவு நெருக்கினால் அந்த நெருக்கத்தினால் உண்டாகும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கும் என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்து, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தம்முடைய எஞ்சினைப் பரீட்சித்துக் காட்டினார். எரிபொருளிலுள்ள சக்தியில் நூற்றுக்கு இருபத்தாறு பங்கை அது வேலையாக மாற்றிற்று. நம் தோட்டங்களுக்கு மிகவும் பழக்கமான 5 குதிரைத் திறனுள்ள கிர்லோஸ்கர் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 110 மில்லிமீட்டர். உள்ளே இழுத்த காற்றைப் பதினாறரை மடங்கு சுருக்குவதாக அது அமைக்கப்பட்டிருக்கிறது. 32 டிகிரி சென்டிகிரேடில் உள்ள காற்றை, வெப்பம் சிறிதும் வெளியே போகாதபடி அவ்வளவு நெருக்கினால், அது ஏறத்தாழ 660 டிகிரிக்கு ஏறும் என்று கணக்குச் சொல்கிறது. வார்ப்பிரும்புச் சுவர் வெப்பத்தைப் பறிப்பதாலும் ரிங்குகளின் ஓரத்தில் காற்று சிறிது நழுவுவதாலும் உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறைவு. ஆயினும் டீசல் தானே பற்றிக்கொள்வதற்கு 250 டிகிரிக்கு உட்பட்ட வெப்பமே போதுமாகையால், நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் காரியம் நடந்துவிடுகிறது. கையால் ஹேண்டில் சுற்றும்போது பிஸ்டன் மெதுவாக ஏறுகிறது. மெதுவாக ஏறினால் கசிவதற்கும் குளிர்வதற்கும் அவகாசம் அதிகம். ஆகவேதான் தேய்ந்த எஞ்சின் ஒன்று, ஓடத் தொடங்கிவிட்டால் நாள் முழுவதும் ஓடினாலும், காலையில் மட்டும் இரண்டு ஆட்களின் தோளை வாங்கிவிடுகிறது.

இங்கே தேசத்தின் சீதோஷ்ணமும் அநுமானத்தில் கலந்துகொள்கிறது. குளிர்நாட்டுப் புத்தகங்கள், காலையில் முதன்முதலாக எஞ்சினைக் கிளப்பும்போது வெண்புகை வருவது இயல்பு என்றும் கவலை வேண்டாம் என்றும் எழுதும். ஆனால் சித்திரை மாதத்தில், விடியற்காலையிலேயே வேர்த்து ஒழுகும் சேலத்தில், அதே வெண்புகை அலட்சியம் செய்யத்தக்கதன்று. குளிரின்மேல் பழி போட வழியில்லையாதலால் அது நேராக வால்வையோ ரிங்கையோ டைமிங்கையோ சுட்டுகிறது. அங்கிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குப் போனால் பிரமாணம் மறுபடி மாறுகிறது. மார்கழிக் காலையில் காப்பித் தோட்டத்து எஞ்சின் சற்று வெளுத்துப் புகைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். காற்றும் அங்கே சமவெளியைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இலேசாக இருப்பதால், பாரம் ஏற்றிய வண்டி கொண்டையூசி வளைவுகளில் கருமையாகப் புகைவதும் முழுக்க யந்திரத்தின் குற்றமாகாது. ஒரே எஞ்சின், ஒரே அடையாளம், மேலே ஒரு தீர்ப்பு, கீழே ஒரு தீர்ப்பு.

கரும்புகை என்பது கரித்துகள். டீசல் துளிக்கு அருகில் அது முழுதும் எரிவதற்கு வேண்டிய பிராணவாயு இல்லாதபோது, ஹைட்ரஜன் எரிந்து கார்பன் மிஞ்சுகிறது. கார்பன் எல்லா நிற ஒளியையும் விழுங்குவதால் கறுப்பாகத் தெரிகிறது. காற்று குறைந்தாலும் இது நேரும். டீசல் மிகுந்தாலும் நேரும். நாசில் பூந்துளியாகச் சிதறாமல் ஒழுகினாலும் நேரும். வெண்புகை என்பது எரியாத டீசல் ஆவியாகிப் பின் குளிர்ந்த துளிகள். அவை ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியனவாதலால் எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி சிதறடித்து வெண்மையாகின்றன. ஹெட் கேஸ்கெட் கிழிந்து தண்ணீர் உள்ளே போனாலும் வெள்ளையாகவே தெரியுமாயினும், நீராவி சிறிது தூரத்தில் கரைந்துவிடும். டீசல் புகையோ நெடுநேரம் தங்கிக் கண்ணை எரிக்கும். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதன் அடையாளம். அதன் துளிகள் மிக நுண்ணியனவாகையால், வானத்தின் நீலத்துக்கு லார்டு ராலே கூறிய காரணத்தைப் போன்ற காரணத்தினால், சிற்றலை நீல ஒளியையே அதிகமாகச் சிதறடிக்கின்றன. நீலம் கண்டால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன, அல்லது வால்வு கைடு தளர்ந்துவிட்டது என்று பட்டறையில் துணிந்து சொல்லிவிடுவார்கள். இதில் ஓர் அபாயமும் உண்டு: மிகத் தேய்ந்த எஞ்சின் சில சமயம் தன் மசகெண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு வெறிபிடித்தாற்போல் வேகமெடுக்கும், அப்போது டீசலை நிறுத்தினாலும் அது நில்லாது, காற்று புகும் வாயை அடைத்தால்தான் நிற்கும். அதையும் பலகையாலோ தகட்டாலோ அடைக்க வேண்டுமே தவிரக் கையை வைத்தல் ஆகாது.

புகையே இல்லாத எஞ்சினுக்கு வருவோம். பெரும்பாலும் டாங்க் ஒருமுறை காலியாகி மறுபடி நிரப்பப்பட்டிருக்கும். “ஏர் புடிச்சிருக்குதுங்க” என்பது தீர்ப்பு. டீசல் நிறைய இருக்க, குழாயில் புகுந்த கொஞ்சம் காற்றுக்கு எஞ்சினையே நிறுத்தும் வல்லமை எப்படி வந்தது என்று சிலர் வியப்பதுண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு தீரும். மேற்கூறிய எஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலாக டீசல் குடிக்கிறது. நிமிஷத்துக்கு 1,500 சுற்றுகள் சுற்றுவதால் நிமிஷத்துக்கு 750 முறை, அதாவது மணிக்கு 45,000 முறை டீசல் உள்ளே பீச்சப்படுகிறது. வகுத்தால் ஒரு பீச்சுக்கு ஏறத்தாழ 24 கன மில்லிமீட்டர் வருகிறது. ஐந்தாறு கடுகின் பருமன்தான். அந்தக் கடுகளவை 200 பார் அழுத்தத்துக்கு, அதாவது வாயுமண்டல அழுத்தத்தைப்போல் இருநூறு மடங்குக்கு உயர்த்தினால்தான் நாசிலின் ஊசி தன் ஸ்பிரிங்கை எதிர்த்து மேலெழும். திரவம் நெருக்கத்துக்கு இணங்காதது. தள்ளினால் தள்ளிய விசையை அப்படியே அடுத்த முனைக்குக் கொடுத்துவிடும். காற்றோ இணங்குவது, பம்ப் தன் சிறிய தள்ளல் முழுவதையும் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே செலவழித்துவிட, அடுத்த கணம் குமிழ் மறுபடி விரிந்துவிடுகிறது. நாசில் திறப்பதே இல்லை.

பரிகாரம் சுலபம். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் குமிழ் நின்று டீசல் ஒரே தாரையாக வரும்வரை விட்டு, பின்னர் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஹேண்டிலைச் சுற்றி, கடைசிக் காற்றையும் வெளியேற்றி முறுக்கிவிட்டால், அடுத்த சுற்றில் ‘கிறீக்’ என்று நாசில் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் எந்த மெக்கானிக்கும், சுற்றுவதற்கு இலேசாக வால்வைத் திறந்து வைக்கும் டிகம்ப்ரஷன் லீவரை விடமாட்டார். ஆனால் டாங்க் காலியாகாதபோதும் நாள்தோறும் காற்றுப் பிடிக்குமானால் அங்கேதான் புத்திக்கு வேலை. டீசல் ஒழுகும் இடத்தைத் தேடிப் பயனில்லை. ஏனெனில் பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வாயுமண்டலத்தைவிடக் குறைவு, ஆகவே அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஒரு சொட்டுக் கசிவும் இல்லாத, துடைத்து வைத்தாற்போன்ற குழாயே குற்றவாளியாக இருக்கும். பல முறை இறுக்கித் தட்டையாகிப்போன செம்பு வாஷர் ஒன்று, விலை சில ரூபாய், முழு எஞ்சினையும் முடக்கி வைத்திருக்கும்.

சந்தேகங்களை வரிசைப்படுத்துவதில் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. எது அதிகமாகச் சம்பவிக்கக்கூடியது என்பது மட்டும் கணக்கில்லை, எதைச் சோதிப்பது எளிது என்பதும் கணக்கு. ஹெட்டைக் கழற்றினால் அரை நாள் போகும், கேஸ்கெட்டும் புதிதாக வாங்க வேண்டும். ஆகவே வால்வு சரியாக உட்காரவில்லை என்ற சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும், முதலில் டேப்பட் கவரைத் திறந்து இடைவெளியை அளந்துவிடுகிறார்கள். இடைவெளியே இல்லாமற்போய் வால்வு எப்போதும் சற்றுத் திறந்தே இருந்தால் ஒரு ஸ்பானரோடு விஷயம் முடிந்தது. கம்ப்ரஷன் போவது ரிங்கு வழியாகவா வால்வு வழியாகவா என்று தெரியாதபோது, சிலிண்டருக்குள் ஒரு கரண்டி மசகெண்ணெயை விட்டுவிட்டு மறுபடி சுற்றிப் பார்க்கும் பரீட்சை மிக அழகானது. எண்ணெய் ரிங்கின் இடுக்கை அடைக்கும், வால்வை எட்டாது; ஆகவே ஹேண்டில் உடனே கனத்தால் ரிங்கு, கனக்காவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற விஞ்ஞான முறையை இதைவிடக் குறைந்த செலவில் கற்பிக்கும் பரிசோதனைச் சாலை எதையும் நான் அறியேன். இதற்கு நேர்மாறானது, ஒரே நேரத்தில் நாசில், பம்ப் எலிமென்ட், பில்டர் மூன்றையும் மாற்றிவிடுவது. எஞ்சின் ஓடிவிடும், எது கெட்டிருந்தது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாமற் போகும். கடைசியாக எதில் கை வைத்தார்கள் என்று விசாரிப்பதும் வீண் பேச்சன்று. நேற்றுக் கழற்றி மாட்டிய இடத்தில்தான் இன்றைய பழுது பெரும்பாலும் குடியிருக்கிறது.

இதுவரை சொன்னவை எந்தத் தேசத்து எஞ்சினுக்கும் பொருந்துவன. ஆனால் புனேயில் பிறந்த எஞ்சினும், இங்கிலாந்தின் லிஸ்டர் எஞ்சினைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்த எஞ்சினும், இந்தச் சமவெளிக்கு வந்தபின் இந்த மண்ணுக்கே உரிய சில வியாதிகளைச் சம்பாதித்துக்கொள்கின்றன. முதலாவது தண்ணீர். சேலம், நாமக்கல் பிரதேசம் சார்னோகைட், நைஸ் என்ற பழம் பாறைகளாலான கடினமான பூமி. நிலத்தடி நீர் பாறையின் விரிசல்களில் நெடுங்காலம் தங்கி, சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டுதான் போர்க்குழிக்கு வந்து சேருகிறது. சேலத்தின் வடக்கே வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட் வெட்டும் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. குடிநீருக்கு லிட்டரில் 200 மில்லிகிராம் கடினத்தன்மை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாவிடில் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. மனிதன் பொறுத்துக்கொள்ளும் இந்த நீரை எஞ்சின் பொறுப்பதில்லை. நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரையாத கார்பனேட்டாகப் பிரிந்து, எங்கே சூடு மிகுதியோ அங்கேயே, அதாவது லைனரின் வெளிச்சுவரிலும் ஹெட்டின் உட்குடைவிலும், உப்புப் பொருக்காகப் படிந்துவிடுகிறது.

பொருக்கு வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். வார்ப்பிரும்பு கடத்துவதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் அது கடத்தும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் பொருக்குப் படிந்தால் லைனரின் கனம் மூன்று சென்டிமீட்டர் கூடியதற்குச் சமம். தொட்டித் தண்ணீர் கொதிக்கவில்லையே, எஞ்சின் எப்படிச் சூடேறியிருக்கும் என்று சொந்தக்காரர் வாதிடுவார். தண்ணீர் கொதிக்காததே இங்கே தீமையின் அடையாளம். வெப்பம் தண்ணீரை வந்து அடையவில்லை, பிஸ்டனிடமே தங்கிவிட்டது. காலையில் ஒரே சுற்றில் கிளம்பி, ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு இழுவை குறைந்து, மேலும் ஓட்டினால் பிஸ்டன் விரிந்து லைனரைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும் எஞ்சினைக் கண்டால், இந்த வட்டாரத்து மெக்கானிக் நாசிலைத் தொடுவதற்கு முன் வாட்டர் ஜாக்கெட்டின் மூடியைத் திறந்து பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

இதில் வேடிக்கை என்னவென்றால், நல்லெண்ணத்தினால் செய்யும் காரியமே இந்தத் தீங்கை வளர்க்கிறது. பம்ப் இறைக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு சிறு கிளைக் குழாயை எஞ்சினுக்குக் கொடுத்து, எப்போதும் புதிய குளிர்ந்த நீர் ஓடும்படி செய்வது வழக்கம். எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும் என்பது எண்ணம். நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 300 லிட்டர். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரானால் மணிக்கு 150 கிராம் உப்பு அந்த எஞ்சின் வழியாகப் பிரயாணம் செய்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் தங்கினாலும், ஒரு பருவத்துக்குள் உள்வழியெல்லாம் அடைந்துபோகும். ஒரு டிரம்மில் மழைநீரையோ, ஒரே தண்ணீரையோ நிரப்பி அதையே சுற்றவிடுகிறவனுக்கு இந்தத் துன்பம் இல்லை; அளவான நீரில் அளவான உப்புதான் இருக்கும், அது படிந்து தீர்ந்தபின் படிவதற்கு ஒன்றுமில்லை. சூடான நீர் இலேசாகி மேலெழும்ப, குளிர்ந்த நீர் கீழே இறங்க, பம்பின் உதவியின்றியே அந்தச் சுழற்சி நடந்துகொண்டிருக்கும். ரேடியேட்டர் உள்ள வண்டிகளிலும் இதே நியாயம்தான். வழியில் அகப்பட்ட போர்த் தண்ணீரைத் தினந்தோறும் ஊற்றுகிற குட்டி யானைக்காரர், ரேடியேட்டர் கடைக்காரரின் நிரந்தர வாடிக்கைக்காரராக ஆகிவிடுகிறார்.

இரண்டாவது, தூசி. நமது எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ இருபது கன மீட்டர் காற்றை உறிஞ்சுகிறது. கல் குவாரிகளின் ஓரத்திலும், செம்மண் பாதைகளிலும், கடலைக்காயைக் கொடியிலிருந்து பிரிக்கும் களத்திலும், ரிக் வண்டி பாறையைத் துளைத்து வெண்பொடியை மேகமாகக் கக்கும் இடத்திலும் அந்தக் காற்றில் என்ன கலந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாறைத் தூசியில் உள்ள குவார்ட்ஸ் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. மசகெண்ணெயோடு சேர்ந்து வால்வு கிரைண்டிங் பசையைப் போலவே வேலை செய்துவிடும். எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய ஏர் கிளீனர் நல்ல சாதனம். காற்று எண்ணெய்ப் பரப்பின்மேல் மோதித் திரும்பும்போது கனத்த தூசி திரும்ப முடியாமல் எண்ணெயில் சிக்கிக்கொள்கிறது. ஆனால் கிளீனரை வாரந்தோறும் கழுவுகிற மனிதரும், கிளீனருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் வெடிப்பைக் கவனிப்பதில்லை. தூசி எந்த வழியாக வந்தது என்பதை லேத் பட்டறைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்: லைனரின் மேல்புறமும் முதல் ரிங்கும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் அது காற்றோடு வந்த மண், கீழே பேரிங்குகள் கீறியிருந்தால் அது எண்ணெயோடு வந்த மண். முதல் வகையில் புது லைனர் போட்டும் பழைய ரப்பர் குழாயையே மாட்டினால், அடுத்த வருஷம் அதே எஞ்சின் அதே லேத்துக்கு அதே நீலப்புகையோடு வந்து நிற்கும். விளைவைச் செப்பனிட்டுக் காரணத்தை விட்டுவிடுவது பட்டறைகளில் மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. வேலை மும்முரத்தில் யாரையும் அதிகம் குறைசொல்லவும் முடியவில்லை.

பெட்ரோலில் ஓடும் சிறு யந்திரங்களை, அதாவது புல்வெட்டும் பிரஷ் கட்டர், முதுகில் சுமக்கும் பவர் ஸ்பிரேயர் ஆகியவற்றைப் பற்றி விரிக்க வேண்டியது குறைவு. பெட்ரோல், காற்று, பொறி மூன்றில் ஒன்று இல்லை என்பதே அவற்றின் முழு வியாதி சாஸ்திரம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. வறண்டிருந்தால் பெட்ரோலே வரவில்லை. இவற்றுக்கு அண்மையில் வந்த துன்பம் ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு நாட்டில் 2022இல் நூற்றுக்குப் பத்தாகவும், 2025இல் இருபதாகவும் உயர்ந்தது. மோகனூர்ப் பக்கத்துக் கரும்புக் காட்டில் நின்றுகொண்டு எத்தனாலைக் குறைசொல்லல் நன்றியன்று. ஏனெனில் கரும்பின் கழிவுப்பாகு எத்தனாலுக்கு முக்கியமான மூலப்பொருள். ஆயினும் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. தினமும் டாங்க் நிரப்பி ஓட்டும் மோட்டார் சைக்கிளை அது பாதிக்கக் காணோம்; ஆனால் ஒரு போகத்துக்கும் மறு போகத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும் ஸ்பிரேயரின் டாங்கில், ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்குகின்றன; கார்புரேட்டர் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் திரவத்தையே. இரண்டு ஸ்டிரோக் யந்திரமானால் அதில் கலந்த மசகெண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஆதலால், கிளம்பினாலும் கேடு. வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் வறளும்வரை ஓட்டி நிறுத்துவதே போதும்.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாட்டில் விற்பனையாகும் வண்டிகளுக்குப் பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற மாசு விதி வந்தது. புகையை வைத்து அநுமானிக்கும் கலைக்கு அது பெரிய இடையூறு செய்தது என்றே சொல்ல வேண்டும். புகைபோக்கியில் வடிகட்டி வைத்துக் கரியைப் பிடித்துவிடுவதால், உள்ளே அளவுக்கு மீறி டீசல் போனாலும் வெளியே கறுப்புத் தெரிவதில்லை; வடிகட்டிதான் சீக்கிரம் அடைபடுகிறது. பழைய எஞ்சினில் 200 பார் அளவில் இருந்த அழுத்தம், காமன் ரெயில் முறையில் 1,600 பாரையும் தாண்டிப் போகிறது. அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றை விடும் பழைய பழக்கத்தை ஓடும் எஞ்சினில் யாரேனும் காட்டினால், ஊசிமுனைத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்ப்பதற்குச் சிறு காயமாயினும் கையையே இழக்க நேரும். ஆகவே திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் ஸ்பானர் பலகைக்குப் பக்கத்தில் ஸ்கேனர் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. வண்டியின் கணிப்பொறி தான் உணர்ந்த குறையை ஒரு குறியெண்ணாக அதில் எழுதிக் காட்டுகிறது.

குறியெண் வந்ததால் தர்க்கம் ஓய்ந்துவிட்டது என்று நினைப்பது சரியன்று. பி0087 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ரெயிலில் அழுத்தம் வேண்டிய அளவுக்குக் குறைவு என்பது அதன் பொருள். அழுத்தம் குறைவு என்பது, மலையில் கண்ட புகையைப் போல, ஹேது, அதாவது அடையாளம். அதற்குக் காரணம் பில்டர் அடைப்பாக இருக்கலாம், உறிஞ்சும் பக்கத்தில் புகுந்த காற்றாக இருக்கலாம், தேய்ந்த பம்பாக இருக்கலாம், டீசலைச் சிலிண்டருக்குள் விடாமல் திரும்பு குழாயில் நழுவவிடும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம். சென்சார் இவற்றில் எதையும் பிரித்து அறியாது. எண்ணைப் படித்த மாத்திரத்தில் பம்பை மாற்றிவிடுகிறவர், புகையைப் பார்த்த மாத்திரத்தில் நாசிலை மாற்றிய பழைய அவசரக்காரரின் வாரிசுதான்; செலவு மட்டும் பல மடங்கு பெருகியிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பில்டரைப் பார்க்கிறார்கள். பிறகு உறிஞ்சும் குழாயில் ஒரு முழம் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூபைப் பொருத்திக் குமிழ் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். அதிலும் தெரியாவிட்டால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு வாயிலும் ஒரு டியூபைச் செருகி, அளவொத்த குப்பிகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓட்டுகிறார்கள். மூன்று குப்பிகளில் அடிமட்டத்துக்கு டீசல் இருக்க, நான்காவது மட்டும் கழுத்துவரை நிறைந்திருந்தால் அந்த இன்ஜெக்டரைக் கழற்றி, துணியில் சுற்றி, டீசல் பம்ப் கடைக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். மற்ற மூன்றும் பம்பும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.